அத்தை பார்த்துச் சொன்ன கடைசி ரீல்

அந்தப் படத்தின் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. பெயரைச் சொன்னாலே கெடுதல் என்று எங்கள் தெருவில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. அதனால் எல்லோரும் 'அந்தப் படம்' என்றே சொன்னார்கள். போஸ்டர் ஒட்டிய சுவரைத் தாண்டும்போது பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். திருப்புவதற்கு முன்னால் ஒரு தடவை நன்றாகப் பார்த்துக்கொண்டுதான் திருப்பினார்கள். எனக்கு அப்போது எட்டு வயது இருக்கும். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும் என்றாலும், அந்தச் சுவர் வரும்போது அம்மா என் கண்ணைப் பொத்திவிடுவாள்.

எங்கள் ஊரிலிருந்து உத்திரமேரூருக்கு ஏரிக்கரை மேலேயே நடந்து போய்விடலாம். கரை முடிகிற இடத்தில், பனைமரங்களுக்குப் பின்னால், டூரிங் கொட்டாய் இருந்தது. கீற்றுக் கூரை, மணல் தரை, ஆண்கள் பக்கத்துக்கும் பெண்கள் பக்கத்துக்கும் நடுவில் இடுப்பளவு மண்சுவர். பொழுது சாய்ந்ததும் ஒலிபெருக்கியில் சாமி பாட்டு வைப்பார்கள். அது ஏரித் தண்ணீர் மேலேயே வழுக்கிக்கொண்டு எங்கள் ஊர் வரைக்கும் வரும். காற்றைப் பொறுத்து ஒரு நாள் பாட்டு முழுசாக வரும், ஒரு நாள் பாதி அடியோடு நின்றுபோகும். மீதியை நான் அரைத் தூக்கத்தில் நானாகவே பாடி முடித்துக்கொள்வேன். பாட்டு காதில் விழுந்ததும் அடுப்பை அவித்துவிட்டுக் கிளம்பினால் படம் போடுவதற்குள் போய்ச் சேரலாம் என்பது எங்கள் ஊர்ப் பெண்களின் அனுபவம்.

சம்பா அறுப்பு முடிந்து கையில் வேலை குறைந்திருந்த மாசி மாதத்தில் அந்தப் படம் வந்தது. மாட்டு வண்டியில் தமுக்கு அடித்து நோட்டீஸ் வீசிக்கொண்டு வந்தவன், கர்ப்பிணிகளும் இதயம் பலவீனமானவர்களும் பார்க்க வேண்டாம் என்று கத்திக்கொண்டு போனான். இதயம் என்று ஒன்று தங்களுக்கு இருப்பதையே அதுவரை கவனிக்காத எங்கள் ஊர்ப் பெரியவர்கள் அன்று முழுக்க நெஞ்சைத் தடவிக்கொண்டு திரிந்தார்கள்.

நோட்டீசுக்கு முன்னாலேயே வதந்தி வந்துவிட்டிருந்தது. காஞ்சிபுரத்தில் ஒருத்தி படம் பார்த்துவிட்டு வந்து கதவைத் தட்டினாளாம், திறக்க வேண்டிய புருஷன் உள்ளே செத்துக் கிடந்தானாம். புள்ளலூர்ப் பக்கம் ஒருவன் திரும்பி வந்து பெண்சாதியைக் கூப்பிட்டால், அவளைப் பாம்பு கடித்திருந்ததாம். யார், எந்தத் தெரு என்று கேட்டால் சொன்னவருக்குத் தெரியாது. ஆனால் அவருக்குச் சொன்னவர் நேரில் பார்த்தவர். படத்தில் ஒரு பேய் வருகிறது, கடைசி ரீலில் அது திரையிலிருந்து நேராக ஜனங்களைப் பார்க்கிறது, யார் மேல் அந்தப் பார்வை விழுகிறதோ அவர்களுடைய ஜோடி பிரிந்துவிடும். கலியாணம் ஆனவர்களுக்குப் புருஷனோ பெண்சாதியோ போய்விடும். ஆகாதவர்களுக்கு ஆகவே ஆகாது. இதுதான் சாபம்.

அப்படியானால் படத்துக்கே போகாமல் இருந்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் ஊரில் யாரும் அப்படிக் கேட்கவில்லை. கடைசி ரீல்தானே ஆகாது, அதை விட்டுவிட்டு மற்றதைப் பார்ப்போம் என்று முடிவு செய்தார்கள். கொட்டாயில் ஒரே மிஷின். ஒரு கட்டு ஓடி முடிந்ததும் விளக்கைப் போட்டு, அடுத்ததை மாட்டிவிட்டு, மறுபடி விளக்கை அணைப்பார்கள். கடைசி இடைவேளைக்கு விளக்கு எரிந்ததும் பெண்கள் பக்கம் மொத்தமாக எழுந்துவிடும். ஆண்கள் பயந்து எழவில்லை. பீடி பிடிக்கத்தான் வெளியே போனார்கள். திரும்பி உள்ளே வருவதற்கு மறந்துபோனார்கள். கொட்டாய்க்காரர் வாசலில் வேப்பிலை கட்டி, பூசணிக்காய் உடைத்து, கடைசி ரீலை வெறும் மணலுக்குத் தினமும் ஓட்டிக் காட்டினார்.

கதை இதுதான். பணக்கார வீட்டில் வாழ்க்கைப்பட்ட ஓர் ஏழைப் பெண். புருஷன் வெளியூர் போயிருக்கும்போது மாமியார் அவளை ஆற்று வெள்ளத்தில் தள்ளிவிடுகிறாள். உடம்பு கிடைக்கவில்லை. வைக்கோலில் ஒரு பொம்மை செய்து, பாடையில் வைத்துத் தூக்கிப் போய்க் கொளுத்துகிறார்கள். திரும்பி வந்த புருஷனுக்கு இரண்டாவது கலியாணம் ஆகிறது. அதற்கப்புறம் வெள்ளைச் சேலையும் அவிழ்ந்த கூந்தலுமாக ஓர் உருவம் அந்த வீட்டைச் சுற்றி நடமாட ஆரம்பிக்கிறது. ஒரு நாள் அது புருஷனுடைய அறை வரைக்கும் வந்து, தாழ்ப்பாளில் கையை வைக்கிறது. அதோடு கொட்டாயில் விளக்கு எரிந்துவிடும்.

அந்த வைக்கோல் பொம்மைக்காக எங்கள் ஊர்ப் பெண்கள் வாய்விட்டு அழுதிருந்தார்கள். சாவில் உட்கார்ந்து அழுதாயிற்று, அப்புறம் எப்படி அப்படியே வீட்டுக்குள் நுழைவது? சாவு வீட்டிலிருந்து கிளம்புவது போலவே யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் கொட்டாயை விட்டுக் கிளம்பி, வழியில் ஏரியில் ஒரு முழுக்குப் போட்டுவிட்டு வந்தார்கள். நிலா வெளிச்சத்தில், ஈரச் சேலையும் விரித்த தலையுமாக, பேச்சே இல்லாமல் கரை மேல் வரிசையாக நடந்து வரும் பெண்களைப் பார்த்துத்தான் நான் முதன்முதலில் பேய்க்குப் பயந்தேன். அதில் என் அம்மாவும் ஒருத்தி.

ஆனால் சாபத்தைவிடப் பெரிய தொல்லை ஒன்று வந்து சேர்ந்தது. தாழ்ப்பாளில் கை வைத்த பேய் அப்புறம் என்ன செய்தது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. சாணி தட்டும்போதும் விதைக்கடலை உடைக்கும்போதும் இதே பேச்சு. அவனைக் கொன்றிருக்கும் என்று சிலர், அவனை விட்டுவிட்டு மாமியாரைத்தான் கொன்றிருக்கும் என்று மருமகள்கள். ஊரே அந்தக் கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தது.

இந்த இடத்தில்தான் என் அத்தை தேவைப்பட்டாள்.

அத்தை என்றால் என் நைனாவின் தங்கை. கலியாணமான வருஷமே அவள் புருஷன் காய்ச்சலில் போய்விட்டார். வெள்ளைச் சேலை உடுத்தி எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டாள். என் அக்கா போலத்தான் இருப்பாள், அவ்வளவு சின்ன வயது. யாராவது வெளியே கிளம்பும்போது அவள் எதிரில் வந்துவிட்டால் திரும்பி உள்ளே வந்து தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போவார்கள். அது பழகிப்போய், செருப்புச் சத்தம் கேட்டாலே அத்தை தானாகவே தோட்டத்துப் பக்கம் போய்விடுவாள். எனக்கு அது ஒரு கண்ணாமூச்சி ஆட்டம் போலத் தெரிந்தது. நானும் அவளோடு ஓடிப்போய் ஒளிந்துகொள்வேன்.

அந்த வருஷம் பொங்கல் கழிந்ததும் திருமுக்கூடலிலிருந்து ஓர் ஆள் வந்தார். அம்மாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவர் அங்கே இருந்தார். ஆற்று மணலில் வெள்ளரி போடுகிறவர், பெண்சாதியைப் பறிகொடுத்தவர். அத்தையைக் கட்டிக்கொள்ளக் கேட்டு அவர்தான் ஆள் அனுப்பியிருந்தார். கூடவே ஒரு கூடை வெள்ளரிப் பிஞ்சும் வந்தது. எங்கள் வீட்டில் எதையும் முடிவு செய்கிறவள் பெரியம்மா. நைனாவின் அண்ணன் மனைவி, எல்லோரும் ஒரே வீட்டில்தான் இருந்தோம். யோசித்துப் பங்குனிக்குள் சொல்லி அனுப்புகிறோம் என்று வந்தவரிடம் சொல்லிவிட்டு, அவர் தெரு முனை தாண்டியதும், இதில் யோசிப்பதற்கு என்ன இருக்கிறது, வெள்ளை கட்டியவள் மறுபடி கலர் கட்டினால் ஊர் சிரிக்காதா என்று கேட்டாள். அண்ணி சொன்னதை நைனா தாண்டியதே இல்லை. கேட்டு வந்தது தன் பக்கத்து ஆள் என்பதால் அம்மாவும் வாயைத் திறக்கவில்லை. பிஞ்சுக் கூடை மாட்டுத் தொட்டிக்குப் போயிற்று.

அத்தை ஒன்றே ஒன்றை எடுத்து முந்தானையில் மறைத்துக்கொண்டு வந்து, பாதியை எனக்குக் கொடுத்தாள். அன்று மத்தியானம் மாவு ஆட்டிக்கொண்டே அவள் அம்மாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

"எனக்குப் போவணும்னு கீது அண்ணி."

அம்மா உரலில் தண்ணீர் தெளித்துவிட்டு எழுந்து போய்விட்டாள். அத்தை மாவைத் தள்ளித் தள்ளி ஆட்டிக்கொண்டே இருந்தாள். போக வேண்டும் என்றால் எங்கே, எதற்கு என்று நான் கேட்டேன். ஆறு பார்க்க என்று சொன்னாள்.

கடைசி ரீலுக்கு அத்தையை அனுப்பலாம் என்று சொன்னதும் பெரியம்மாதான். கடலை உடைத்துக்கொண்டிருந்த பெண்கள் நடுவில், அத்தை முறத்தோடு அங்கேயே உட்கார்ந்திருக்கும்போதே சொன்னாள்.

"இவளக் கூட்டிக்கினு போவலாம். பாத்துட்டு வந்து சொல்லட்டும். இவளுக்கு இனிமே பிரியறதுக்கு இன்னா கீது."

அதில் குத்தல் ஒன்றும் இல்லை. வண்டிக்கு எந்த மாட்டைப் பூட்டலாம் என்று சொல்கிற குரலில்தான் சொன்னாள். அத்தைக்கு வருத்தமாக இருக்கும் என்று அம்மா அவள் முகத்தைப் பார்த்தாள். அத்தையோ எழுந்து போய் முகம் கழுவி, தலையை வாரி முடிந்துகொண்டு வந்துவிட்டாள். இந்த வீட்டுக்குத் திரும்பி வந்தபின் அவளை யாரும் எங்கேயும் கூப்பிட்டதில்லை.

சின்ன வயசுப் பெண்ணைத் தனியே கொட்டாயில் விட்டுவிட்டு வரமுடியாது, துணைக்கு ஆள் வேண்டும். நான் போகலாம், எனக்கு ஜோடி வருவதற்கு நெடுநாள் இருக்கிறது, அதற்குள் சாபம் தேய்ந்துபோகும் என்று பெரியம்மா தீர்ப்புச் சொன்னாள். அம்மாவுக்கு மனம் ஒப்பவில்லை. கடைசி ரீலில் என் முகத்தை மூடிவிட வேண்டும் என்று அத்தையிடம் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

அன்று கரை மேல் போனது எனக்கு ஒரு கனவு போலத்தான் ஞாபகம் இருக்கிறது. ஏரி நிறைந்து, அசையாமல் கிடந்தது. நிலா இரண்டு இருந்தது, மேலே ஒன்று, தண்ணீரில் ஒன்று. பெண்கள் முன்னால் கூட்டமாகப் போக, நானும் அத்தையும் கடைசியில் போனோம். ஒலிபெருக்கிப் பாட்டு கூடக் கூட அத்தையின் நடை வேகமாயிற்று. கொட்டாய் மணலைக் கையால் குவித்து எனக்கு மேடு கட்டிக் கொடுத்தாள். படம் ஆரம்பித்ததும் என்னை மறந்துவிட்டாள். பாடையில் பொம்மையைத் தூக்கியபோது சுற்றிலும் எல்லோரும் அழுதார்கள், அத்தை அழவில்லை. யாரையோ அடையாளம் தெரிந்துகொள்ளப் பார்க்கிறவள் போல உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசி இடைவேளைக்கு விளக்கு எரிந்தது. அம்மா என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். வேர்க்கடலைத் தோலும் வெற்றிலைக் காம்புமாகக் கிடந்த அவ்வளவு பெரிய மணலில் நானும் அத்தையும் மட்டும் உட்கார்ந்திருந்தோம். விளக்கு அணைந்தது. சொன்ன சொல் தவறாமல் அத்தை என்னை மடியில் சாய்த்து, முந்தானையால் முகத்தை மூடினாள். வெளுத்து வெளுத்து நைந்துபோன வெள்ளைச் சேலை அது. கண்ணுக்கு மேல் ஒட்டிக் கிடந்ததில் நூலும் தெரிந்தது, நூலுக்கு அந்தப்பக்கம் படமும் தெரிந்தது. மூடியிருக்கிறது என்று அத்தை நினைத்தாள். மூடியிருந்தால் இப்படித்தான் இருக்கும் என்று நான் நினைத்தேன்.

வெள்ளையாகப் பனி பெய்கிறாற்போல இருந்தது. அந்தப் பனிக்குள் கதவு திறந்தது. பேய் உள்ளே போகவில்லை, புருஷன் தூங்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றது. பின்னாலிருந்து ஒரு மந்திரவாதி வந்து அதன் கூந்தலைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். ஊருக்கு வெளியே ஒரு புளியமரம். கூந்தலை மரத்தோடு சேர்த்து ஆணி அடித்தான். ஒவ்வொரு அடிக்கும் அத்தையின் மடி அசைந்தது. அப்புறம் அந்தப் பெரிய முகம் திரும்பி நேராக எங்களைப் பார்த்தது. கண்ணில் தண்ணீர் நிறைந்திருந்தது. அதே மரத்துக்குக் கீழே புருஷனும் புதுப் பெண்சாதியும் சிரித்துக்கொண்டே வண்டியில் போனார்கள். சுபம் என்று எழுத்து வந்தது. என் காது மேல் ஒரு சொட்டு விழுந்தது. கூரை ஒழுகுகிறது என்று நினைத்தேன். மாசியில் மழை ஏது என்று தோன்றவில்லை.

பெண்கள் ஏரியில் காத்திருந்தார்கள். முழுக்குப் போட்டுவிட்டுக் கரை ஏறியிருக்கலாம், ஆனால் கதையைக் கேட்டுவிட்டு ஒரேயடியாக முழுகலாம் என்று இடுப்பளவு தண்ணீரிலேயே நின்றிருந்தார்கள். அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். முதலில் தலை முழுகினாள். அவள் எழுந்தபோது நிலா அவளைச் சுற்றி உடைந்து உடைந்து சேர்ந்தது. கதவைத் திறந்தாளா என்று பெரியம்மா கேட்டாள்.

அத்தை தண்ணீரில் நின்ற பெண்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். கடைசியாகப் பெரியம்மாவைப் பார்த்தாள். அப்புறம் தாழ்ந்த குரலில் சொல்ல ஆரம்பித்தாள்.

"தெறந்தா. அவன் முழிச்சிக்கினுதான் இருந்தான். கையப் புடிச்சான். கை சுடுது. செத்தவ கை சுடுமா? அவ சாவவே இல்ல அண்ணி. ஆத்துல போனவள ஓடக்காரன் ஒருத்தன் தூக்கிக் கரையில போட்டுக்கீறான். எழுந்து வூட்டுக்கு வந்தா, வைக்கலக் கொளுத்திட்டு எல்லாரும் தல முழுகிட்டாங்க. கட்டிக்க வேற துணி இல்ல. வெள்ளயச் சுத்திக்கினு வந்து நிக்கறா, பாக்கறவங்கல்லாம் பேய்னு சொல்லி ஓடறாங்க. ஒருத்தராவது நின்னு, நீ யாருன்னு கேட்டிருந்தா சொல்லியிருப்பா."

அப்புறம் என்ன ஆயிற்று என்று ஒருத்தி கேட்டாள். அப்புறம் சோறு போட்டார்கள், கலர்ச் சேலை கொடுத்தார்கள், கட்டிக்கொண்டாள் என்று அத்தை சொன்னாள். இரண்டாவதாகக் கட்டியவள் என்ன ஆனாள் என்று பெரியம்மா விடாமல் கேட்டாள். அத்தை கொஞ்சம் திணறினாள். சேலையைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்ததே அவள்தான் என்றாள்.

நான் வாயைத் திறந்தேன். புளியமரத்தை விட்டுவிட்டாயே என்று ஞாபகப்படுத்தத்தான். தண்ணீருக்குள்ளே அத்தையின் விரல்கள் என் கையை இறுக்கின. நான் வாயை மூடிக்கொண்டேன்.

பெண்கள் அழுதார்கள், சிரித்தார்கள், ஒருவர் மேல் ஒருவர் தண்ணீரை வாரி இறைத்தார்கள். அவள் சாகவே இல்லை என்றால் பேய் எங்கே, பார்வை எங்கே, சாபம் எங்கே? வைக்கோலுக்காக இத்தனை நாள் குளிரில் முழுகினோமே என்று தங்களையே திட்டிக்கொண்டார்கள். நல்ல முடிவாகப் போய்விட்டதால் அதைக் கண்ணால் பார்க்காமல் விடுவது எப்படி? நாளைக்குத்தான் கடைசி ஆட்டம், நாளன்றைக்குப் படப்பெட்டி பஸ் ஏறிவிடும். எல்லோருமாகப் போய் முழுசாகப் பார்த்துவிடுவது என்று அங்கேயே முடிவாயிற்று. அத்தையின் கை என் கைக்குள் சில்லிட்டுப் போனது.

மறுநாள் முழுவதும் நான் நைனாவை விட்டு நகரவில்லை. எனக்கு உண்மை தெரியும். அம்மா போய்க் கடைசி ரீலைப் பார்த்தால் பேய் அம்மாவைப் பார்க்கும், நைனா செத்துப்போவார். சொல்லிவிட்டாலோ அத்தை மாட்டிக்கொள்வாள். நைனா மாடு குளிப்பாட்டப் போனால் கூடவே போனேன். என் திண்டாட்டம் தெரியாமல் அவர் ஒரு தும்மல் தும்மினார். ஓடிப்போய் அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டேன். அவர் மத்தியானம் கண் அசந்தபோது மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்தேன். ஈ என்று நினைத்து ஓர் அறை விட்டார்.

பொழுது சாய்ந்து பாட்டு வந்தது. பெண்கள் கிளம்பினார்கள். அத்தையை யாரும் கூப்பிடவில்லை. அவளால் ஆக வேண்டிய காரியம் முடிந்துவிட்டது. ஒரு தடவை பார்த்தது போதும் என்று என்னையும் விட்டுவிட்டுப் போனார்கள். செருப்புச் சத்தம் கேட்டதும் அத்தை வழக்கம்போலத் தோட்டத்துக்குப் போனாள். நானும் போனேன். கிணற்றடியில் உட்கார்ந்திருந்தவளிடம் நைனாவுக்கு என்ன ஆகும் என்று கேட்டேன். எதற்குக் கேட்கிறாய் என்றாள். சேலைக்குள்ளிருந்து எல்லாம் தெரிந்தது என்று சொன்னேன்.

அவள் என்னைத் திட்டவில்லை. பக்கத்தில் இழுத்து உட்காரவைத்துக்கொண்டாள்.

"பாத்தியா? அவ கண்ணுல இன்னா இருந்துச்சி?"

"அழுவுது."

"அழுவறவ யாரையும் இன்னாவும் பண்ணமாட்டா. நைனாவுக்கு ஒண்ணும் ஆவாது. ஆவறது எனக்குத்தான்."

என்ன ஆகும் என்று கேட்டேன். பொய்க்காரி என்று பெரியம்மா வெளுத்து வாங்குவாள், திருமுக்கூடலுக்கு இல்லை என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள், அதோடு எல்லாம் முடிந்தது என்றாள். பின் ஏன் மாற்றிச் சொன்னாய் என்று கேட்டேன். கிணற்றுக்குள் பார்த்துக்கொண்டே, அந்த ஆணியைத் தன் வாயால் சொல்ல முடியவில்லை என்றாள். காற்று திரும்பி, ஏரிப் பக்கமிருந்து படத்தின் சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது. சுத்தியல் சத்தம் கேட்கிறதா என்று இருவரும் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தோம். தவளைச் சத்தம்தான் கேட்டது.

அத்தை எழுந்து சோறு வடித்தாள், கத்திரிக்காய்க் குழம்பு வைத்தாள், கூடத்தைப் பெருக்கினாள். ஒரு வேலையும் பாக்கி வைக்காமல் செய்துவிட்டு, கதவு ஓரத்தில் போய் நின்றுகொண்டாள்.

அவர்கள் வந்தார்கள். சத்தம் இல்லாமல் வந்தார்கள். இனிமேல் முழுக வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டுப் போனவர்கள், எல்லோரும் தலை முழுகிவிட்டு வந்திருந்தார்கள். சேலைகளிலிருந்து வாசலில் தண்ணீர் சொட்டியது. அதைப் பார்த்ததும் அத்தைக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். பெரியம்மா வாசற்படியில் நின்று அத்தையையே பார்த்தாள். அவ்வளவு நேரம் யாரும் அத்தையைப் பார்த்து நான் கண்டதில்லை. எனக்கு அழுகை வந்தது, அத்தையின் இடுப்பைக் கட்டிக்கொண்டேன்.

"நீ சொன்ன மாதிரியேதாண்டி இருந்துச்சி" என்றாள் பெரியம்மா.

குரல் கரகரத்தது. குளிரில் தொண்டை கட்டிவிட்டது என்று முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போனவள், பாதியில் திரும்பி வந்தாள்.

"துன்னியா நீ?"

அத்தை இல்லை என்று தலையை ஆட்டினாள். பெரியம்மா ஈரத்துணியைக்கூட மாற்றாமல், ஒரு தட்டை எடுத்து வைத்துச் சோற்றைப் போட்டாள். அத்தை உட்கார்ந்து, அழுதுகொண்டே முழுசாகச் சாப்பிட்டாள்.

மறுநாள் காலையில் பெரியம்மா நைனாவைக் கூப்பிட்டு, திருமுக்கூடலுக்கு ஆள் அனுப்பச் சொன்னாள். நைனாவுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஊர் சிரிக்கும் என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்று கேட்டார். சிரித்துவிட்டுப் போகட்டும் என்றாள். பங்குனியில் ஆற்றங்கரைப் பெருமாள் கோயிலில் சுருக்கமாகக் கலியாணம் நடந்தது. பெரியம்மா தன் பெட்டியைத் திறந்து, தானே ஒரு கிளிப்பச்சைச் சேலையை எடுத்துக் கொடுத்தாள். வெள்ளரிக் கொடிகளுக்கு நடுவே அத்தை நடந்து போனபோது, அவள் பின்னால் ஓடிய எனக்கு அவள் நிஜமாகவே ஆறு பார்க்கத்தான் வந்திருக்கிறாள் என்று தோன்றியது. சாபமும் பலிக்கவில்லை. பெரியப்பா தொண்டுகிழமாகும் வரை உயிரோடிருந்து பெரியம்மாவோடு சண்டை போட்டார். நைனாவுக்குத் தும்மலோடு போயிற்று.

எனக்குத்தான் ஒரு விஷயம் பிடிபடவில்லை. அம்மா எல்லாவற்றையும் கண்ணால் பார்த்துவிட்டு வந்தவள். மந்திரவாதி, ஆணி, புளியமரம், எதையும் அவள் யாரிடமும் சொல்லவில்லை. கடைசி ரீலில் தூங்கிவிட்டாயா என்று ஒரு நாள் கேட்டேன். ஆமாம், கண் அசந்துவிட்டது என்றாள். பாவம், பகலெல்லாம் வேலை என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் காவாந்தண்டலத்திலிருந்து வந்த உறவுக்காரிகள் படத்தின் முடிவைக் கேட்டபோது, எங்கள் தெருப் பெண்கள் எல்லோருமே ஓடக்காரனையும் சுடுகிற கையையும் கலர்ச் சேலையையும்தான் சொன்னார்கள். சொன்னதோடு விடாமல், அந்தச் சேலைக்கு என்ன கரை என்றுகூடச் சேர்த்துச் சொன்னார்கள். அவ்வளவு பேரும் ஒரே நேரத்தில் எப்படித் தூங்கிப்போனார்கள் என்பது மட்டும் எனக்கு அப்போது புரியவே இல்லை.